கூட்டாளி கம்பெனியுடன் சைட்-டு-சைட் விபிஎன்: கூடவே எதையெல்லாம் திறந்துவிடுகிறோம்?

#1 நெட்_புதியவன்

இரண்டு கம்பெனி நெட்வொர்க்கை ஐபிசெக் டனலில் (இன்டர்நெட் வழியே போகும் என்க்ரிப்ட் ஆன பாதையில்) இணைக்க வேண்டும். எங்கள் பக்கம் 10.10.0.0/16, சிஸ்கோ ஏஎஸ்ஏ ஃபயர்வால். கூட்டாளி பக்கம் 192.168.0.0/16, ஃபோர்ட்டிகேட் ஃபயர்வால். நடக்க வேண்டிய வேலை இரண்டே இரண்டுதான். அவர்களுடைய ஆர்டர் சர்வர் எங்கள் எஸ்கியூஎல் சர்வரிலிருந்து இருப்பு விவரத்தைப் படிக்க வேண்டும். எங்கள் சர்வர் ஒன்று தினமும் இரவு ஒரு ஃபைலை அவர்கள் பக்கம் போட்டுவிட்டு வர வேண்டும்.

அவர்கள் அனுப்பிய படிவத்தில் இருப்பது: ஐகேஇ வி1 (டனல் கட்டும் பேச்சுவார்த்தை முறை), அக்ரசிவ் மோட், 3டெஸ் என்க்ரிப்ஷன், ஷா-1 ஹாஷ், டிஎச் குரூப் 2 (கீ உருவாக்கும் கணக்கு), பிஎஃப்எஸ் (ஒவ்வொரு கீ மாற்றத்துக்கும் புது டிஎச் கணக்கு) இல்லை, ப்ரீ-ஷேர்டு கீ (பிஎஸ்கே, இரண்டு பக்கமும் வைக்கும் ஒரே ரகசியச் சொல்) மெயிலில் வரும், இரண்டு பக்கமும் முழு /16. சர்வீஸ் என்ற கட்டத்தில் "எல்லாம்" என்று எழுதியிருக்கிறார்கள்.

"என்க்ரிப்ட் ஆகித்தானே போகிறது, அப்புறம் என்ன?" என்று மேலிடத்தில் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்வது? படிவத்தில் எதையெல்லாம் மாற்றச் சொல்வது?

#2 மூன்றாம்_அடுக்கு

மேலிடத்துக்கு ஒரு வரியில் பதில்: என்க்ரிப்ஷன் வழிப்பறியைத்தான் தடுக்கும், வண்டிக்குள் உட்கார்ந்து வருபவன் யார் என்று அது கேட்காது. அந்தப் பக்கத்து மெஷின் ஒன்றில் ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் மென்பொருள்) புகுந்தால், அதுவும் ஏஇஎஸ்-256 காவலோடு ஒரு பைட் சிந்தாமல் உங்கள் வாசலில் வந்து இறங்கும்.

2017-ல் நடந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மே 12-ல் கிளம்பிய வான்னாக்ரை ரான்சம்வேர், விண்டோஸ் ஃபைல் ஷேருக்கான 445 போர்ட் வழியாகப் பரவியது. மைக்ரோசாஃப்ட்டின் எம்எஸ்17-010 பேட்ச் போட்டிருந்த மெஷின்களுக்குள் அதனால் நுழைய முடியவில்லை. ஜூன் 27-ல் வந்த நாட்பெட்யா அப்படி விடவில்லை. பிடித்த மெஷினின் மெமரியில் கிடந்த பாஸ்வேர்டுகளை உருவி, தொலைவிலிருந்து கட்டளை ஓட்டும் பிஎஸ்எக்ஸெக்கும் டபிள்யூஎம்ஐயும் வைத்துப் பேட்ச் போட்ட மெஷின்களுக்குள்ளும் போனது. உக்ரைனில் ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட்டில் தொடங்கியது, உள் இணைப்புகள் வழியாகப் பல நாட்டு அலுவலகங்களை எட்டியது. அதனால் "நாங்கள் எல்லாவற்றுக்கும் பேட்ச் போட்டிருக்கிறோம்" என்பது இங்கே பாதி பதில்தான்.

இப்போது உங்கள் படிவம். ஒரு /16 என்றால் 65,536 முகவரி. உங்களுக்குத் தேவைப்படுவதோ ஒரு பக்கம் இரண்டு சர்வர், மறுபக்கம் இரண்டு சர்வர், மொத்தம் இரண்டு போர்ட். மீதி அத்தனையும் யாரும் கேட்காமல் கொடுத்த இலவசம். அந்த 192.168.0.0/16-க்குள் அவர்களுடைய வைஃபை இருக்கலாம், வீட்டிலிருந்து விபிஎன்-ல் வருபவர்கள் இருக்கலாம், சிசிடிவி பெட்டி இருக்கலாம். யாரைக் கேட்டாலும் முழுப் பட்டியல் கிடைக்காது.

கூட்டாளி நெட்வொர்க்கை உள் நெட்வொர்க் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குத் தனி சோன் (ஃபயர்வாலில் தனிப் பகுதி) வையுங்கள். இரண்டு திசையிலும் எல்லாம் மூடியது என்று தொடங்கி, பெயர் சொல்லிக் கேட்டதை மட்டும் திறங்கள்.

#3 கதவுச்சாவி

படிவத்தின் மேல்பாதிக்கு வருகிறேன், அங்கே ஒரு வரிகூடத் தேறாது.

அக்ரசிவ் மோடில் எதிர்முனை தன் கையை முதலிலேயே காட்டிவிடுகிறது. பிஎஸ்கே-யிலிருந்து கணக்கிட்ட ஹாஷ் இரண்டாவது பாக்கெட்டிலேயே, என்க்ரிப்ட் ஆகாமல் வெளியே வரும். எவனோ ஒருவன் யுடிபி 500-க்கு ஒரு கோரிக்கை அனுப்பி, சரியான ஐடியையும் சொன்னால் போதும். ஹாஷை வாங்கிக்கொண்டு போய்த் தன் மெஷினில் நாள்கணக்கில் உடைக்கலாம், உங்கள் லாக்கில் தோல்வியடைந்த லாகின் மாதிரி ஒன்றும் வரிசையாகத் தெரியாது. ஐகேஇ-ஸ்கேன், ஹாஷ்கேட் என்ற கருவிகள் இரண்டும் இதைச் சாதாரணமாகச் செய்யும். ஐகேஇ வி1-ஐயே இணையத் தரநிலைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2023-ல் ஆர்எஃப்சி 9395 மூலம் ஓய்வுக்கு அனுப்பிவிட்டது.

டிஎச் குரூப் 2 என்றால் 1024 பிட். 2015-ல் லாக்ஜாம் ஆய்வு வந்ததிலிருந்து அதன்மேல் யாரும் நம்பிக்கை வைப்பதில்லை. 3டெஸ்ஸின் பிளாக் 64 பிட்தான், 2016-ன் ஸ்வீட்32 தாக்குதல் அதைத்தான் குறிவைத்தது.

திருப்பி அனுப்ப வேண்டியது: ஐகேஇ வி2, ஏஇஎஸ்-256-ஜிசிஎம், பிஆர்எஃப் (கீ வருவிக்கும் ஹாஷ்) ஷா-384, டிஎச் குரூப் 20, முடியாவிட்டால் 19. பழைய பெட்டி என்றால் 14-க்குக் கீழே இறங்காதீர்கள். பிஎஃப்எஸ் கட்டாயம், அதே குரூப். ஐகேஇ ஆயுள் 86,400 வினாடி, சைல்டு எஸ்ஏ (டேட்டாவுக்கான கீ ஒப்பந்தம்) 3,600 வினாடி. ப்ரோபோசல் (பேச்சில் முன்வைக்கும் அல்காரிதத் தொகுப்பு) ஒன்றே ஒன்று வையுங்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று பலவீனமான இரண்டாவதைச் சேர்த்தால், ஒரு நாள் டனல் அதில்தான் ஏறி நிற்கும்.

பிஎஸ்கே விஷயத்தில் இன்னொன்று. வி2-க்கு மாறினால் எட்டெழுத்து கீ போதும் என்று நினைக்க வேண்டாம். நடுவில் உட்கார்ந்து எதிர்முனைபோல நடிப்பவனிடம் உங்கள் பெட்டி தன் அங்கீகாரத் தகவலைக் கொடுத்துவிடும். அதையும் ஆஃப்லைனில் உடைக்கலாம். 32 பைட் ரேண்டமாக எடுத்து பேஸ்64 ஆக்கினால் 44 எழுத்து வரும், அதைப் போடுங்கள். மெயிலில் வேண்டாம். பாதியை ஒருவர் போனில் சொல்லட்டும், மறுபாதி வேறு வழியில் வரட்டும். இந்த டனலின் கீ வேறெந்த டனலிலும் இருக்கக் கூடாது. கான்ஃபிக் பேக்கப்பை யார் பார்த்தாலும் கீயையும் பார்த்தார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுப் போன அட்மின் உட்பட.

சர்டிஃபிகேட் முடிந்தால் இன்னும் நல்லது. அப்போது "இந்த சிஏ (சர்டிஃபிகேட் வழங்கும் அமைப்பு) கொடுத்த எதுவானாலும் சரி" என்று விடாமல், எதிர்முனையின் பெயரை அப்படியே பொருத்திப் பார்க்கச் சொல்லுங்கள். காலாவதி தேதிக்கு 30 நாள் முன்பே அலாரம் வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு ஞாயிறு இரவு டனல் விழும், அவசரத்தில் யாராவது பழைய பிஎஸ்கே-க்குத் திரும்புவார்கள், அது அப்படியே தங்கிவிடும்.

#4 பாக்கெட்பிரியன்

ஏஎஸ்ஏ என்று சொன்னதால் இதைச் சொல்லியே ஆகணும், பலருக்கு இது தெரியாது.

ஏஎஸ்ஏ-வில் "சிஸ்ஆப்ட் கனெக்‌ஷன் பெர்மிட்-விபிஎன்" என்று ஒரு கட்டளை. எழுதாமலே ஆன்-ல் இருக்கும், கான்ஃபிக்கைக் காட்டும் ஷோ ரன்-ல் கண்ணுக்கும் தெரியாது. ஷோ ரன் ஆல் கொடுத்தால்தான் வெளியே வரும். டனலிலிருந்து வெளியே வரும் டிராஃபிக் அவுட்சைடு (இன்டர்நெட் பக்க) இன்டர்ஃபேஸின் ஏசிஎல்-ஐ (அனுமதிப் பட்டியலை) தொடாமல் நேரே உள்ளே போகும் என்பதுதான் அதன் அர்த்தம். நீங்க அவுட்சைடு ஏசிஎல்-ல எத்தனை டினை (தடை) எழுதினாலும் அதுக்குக் கவலை இல்லை.

தடுக்க ரெண்டு வழி. முதல் வழி, குரூப் பாலிசியில் விபிஎன்-ஃபில்டர். இதுல சோர்ஸ் எப்பவும் எதிர்ப்பக்கம், டெஸ்டினேஷன் எப்பவும் நம்ம பக்கம், டிராஃபிக் எந்தத் திசையில் தொடங்கினாலும் சரி. அவங்க ஆர்டர் சர்வர் நம்ம 1433-க்கு (எஸ்கியூஎல் போர்ட்) வர்றதை எழுதுறது சுலபம். நம்ம சர்வர் ஃபைல் போட அவங்க 22-க்கு (எஸ்எஸ்எச் போர்ட்) போறதை எழுதணும்னா, "எதிர் ஹோஸ்ட், போர்ட் 22, நம்ம ஹோஸ்ட்" என்று தலைகீழாத்தான் எழுதணும். பிரச்சினை அங்கேதான். எதிர் ஹோஸ்ட்டில் இருக்கிறவன் தன் சோர்ஸ் போர்ட்டை 22 என்று வச்சுக்கிட்டுக் கிளம்பினா, அதே வரியில் நம்ம ஹோஸ்ட்டோட எந்த போர்ட்டுக்கும் உள்ளே வரலாம்.

அதனால இரண்டாவது வழிதான் சுத்தம். சிஸ்ஆப்ட்டை "நோ" போட்டு அணைச்சுட்டு, அவுட்சைடு ஏசிஎல்-ல ஸ்டேட்ஃபுல்லாக (தொடங்குற திசையை மட்டும் திறந்து, பதில் தானா திரும்புற மாதிரி) எழுதுங்க. அது பெட்டி முழுக்கப் பொருந்தும், ஜாக்கிரதை. வீட்டிலிருந்து வர்ற ரிமோட் ஆக்சஸ் ஆட்களும் மத்த டனல்களும் அந்த நிமிஷமே நின்னுடும். அவங்களுக்கான ரூலை முதல்ல எழுதி வச்சுட்டு அப்புறம் அணைங்க.

அந்தப் பக்கத்து ஃபோர்ட்டிகேட்டிலும் ஒரு விஷயம் பார்க்கச் சொல்லுங்க. விஸார்டு வச்சு டனல் கட்டினா, ரெண்டு திசைக்கும் சர்வீஸ் "ஆல்" என்று பாலிசியை அதுவே எழுதிவிடும். படிவத்தில் "எல்லாம்" வந்ததுக்கு அதுதான் காரணமா இருக்கும்.

#5 பழைய_கேபிள்

கொஞ்சம் மிகையாகப் போகிறது என்று தோன்றுகிறது. அந்தப் பக்கமும் ஒரு ஃபயர்வால் இருக்கிறது, அவர்களும் சும்மா இருக்க மாட்டார்கள். இந்தப் பக்கம் எல்லாவற்றையும் ஒரே முகவரிக்கு நாட் செய்துவிட்டால் (முகவரியை மாற்றிக் காட்டினால்) உள்ளே என்ன இருக்கிறது என்றே அவர்களுக்குத் தெரியாது. ரெண்டு சர்வருக்காக ஒரு மாதம் படிவம் எழுதிக்கொண்டிருக்க முடியுமா?

#6 லாக்_வாசகி

நாட் செய்யுங்கள், நானும் அதையே சொல்வேன், ஆனால் வேறு காரணத்துக்கு. பாதுகாப்புக்கு என்று எண்ணினால் ஏமாற்றம்தான். 1433-ஐ ஸ்டாட்டிக் நாட்டில் திறந்த பிறகு அந்த சர்வரைத் தாக்குபவனுக்கு அதன் நிஜ முகவரி எதற்கு?

நாட் உதவுவது முகவரி மோதலுக்கு. 192.168.0.0/16 முழுவதையும் அவர்களுக்கென்று ரவுட் எழுதினால், நாளைக்கு அதே வரிசையை வைத்திருக்கும் இன்னொரு கூட்டாளி வரும்போது மாட்டிக்கொள்வீர்கள். இரண்டு பக்கமும் பேசி, எங்கும் பயன்படாத ஒரு /29-ஐ (8 முகவரி) ஆளுக்கு ஒன்று ஒதுக்குங்கள். டனலில் தெரிய வேண்டிய சர்வர்களை மட்டும் அதில் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் காட்டுங்கள். பல சர்வரை ஒரே முகவரிக்குள் மடக்க வேண்டாம், எது எந்த சர்வர் என்று லாக்கில் பிரித்துப் பார்க்க முடியாமல் போகும். கிரிப்டோ ஏசிஎல் (எது டனலில் போகும் என்ற பட்டியல்) /32-க்கு /32, அதாவது ஒரு முகவரிக்கு ஒரு முகவரி என்று சுருங்கும், டைப் செய்யும் தவறும் குறையும்.

"அவர்களிடமும் ஃபயர்வால் இருக்கிறது" என்பதற்குப் பதில்: அது அவர்களுடைய ஃபயர்வால். நாளை காலை அவர்கள் மாற்றும் ரூல் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்கள் பக்கம் திறக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் உங்கள் பக்கம்தான் இருக்க வேண்டும்.

#7 மூன்றாம்_அடுக்கு

ரூலோடு முடிவதில்லை, ரவுட்டிங்கிலும் மூன்று குழி இருக்கிறது.

ஒன்று, மூன்றாவது ஆள். அந்த ஃபோர்ட்டிகேட்டில் உங்களைப்போல இன்னும் பத்து டனல் தொங்கலாம். இரண்டு டனல் ஒரே பெட்டியில் இறங்கும்போது, பாலிசி தளர்வாக இருந்தால் அவர்களுடைய வேறொரு வென்டர் உங்கள் பக்கம் எட்டிப் பார்க்கலாம். நீங்களும் அதே தப்பைச் செய்யலாம். உங்கள் ஏஎஸ்ஏ-வில் ஒரே இன்டர்ஃபேஸுக்குள் வந்து அதிலேயே திரும்பும் டிராஃபிக்கை அனுமதித்திருந்தால், ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளியை உங்கள் வழியாகப் பார்ப்பான்.

இரண்டு, போலி முகவரி. பாலிசி வகை டனலில் (முகவரிப் பட்டியல் பார்த்து டிராஃபிக்கை எடுப்பது), அவிழ்த்த பாக்கெட்டின் முகவரி எஸ்ஏ-வில் பேசிக்கொண்டதற்குள் இல்லாவிட்டால் பெட்டி அதைக் கீழே போட்டுவிடும். ரவுட் வகை டனலில் (ரவுட் பார்த்து அனுப்புவது) இரண்டு பக்கமும் 0.0.0.0/0, அதாவது எல்லா முகவரியும் என்று செலக்டர் வைப்பது வழக்கம், அப்போது இந்தச் சோதனை போய்விடுகிறது. டனல் இன்டர்ஃபேஸில் ரிவர்ஸ் பாத் சோதனையை (பாக்கெட்டின் சோர்ஸ் முகவரிக்குத் திரும்பும் வழியும் அதே இன்டர்ஃபேஸ்தானா என்று பார்ப்பது) ஆன் செய்யுங்கள். பிஜிபி (ரவுட்களைத் தானாகப் பரிமாறும் முறை) ஓட்டினால் எந்த ப்ரீஃபிக்ஸ் (முகவரி வரிசை) வரலாம் என்று பட்டியலும், அதிகபட்ச எண்ணிக்கையும் போடாமல் விடவே கூடாது. எதிர்ப்பக்கம் தவறுதலாக ஒரு டிஃபால்ட் ரவுட் அனுப்பினால் உங்கள் இன்டர்நெட் டிராஃபிக் முழுவதும் அவர்கள் வீட்டுக்குப் போய்விடும்.

மூன்று, டனல் விழுந்த நேரம். ரவுட் வகையில் டனல் இன்டர்ஃபேஸ் இறங்கினால் அந்த ரவுட் மறையும். அடுத்த நொடி, கூட்டாளிக்குப் போக வேண்டிய பாக்கெட் டிஃபால்ட் ரவுட்டைப் பிடித்து, என்க்ரிப்ட் ஆகாமல் இன்டர்நெட் பக்கம் கிளம்பும். ஐஎஸ்பி அதைத் தூக்கிப்போடலாம், ஆனால் அதற்குள் பாக்கெட் உங்கள் வாசலைத் தாண்டிவிட்டது. அதே முகவரி வரிசைக்கு ஒரு பிளாக்ஹோல் ரவுட் (வந்த பாக்கெட்டைக் கீழே போடுவது) எழுதி டிஸ்டன்ஸ் 254 (கடைசி முன்னுரிமை) வையுங்கள். டனல் இருக்கும்போது அது தூங்கும், டனல் போனால் அது பிடித்துக்கொள்ளும்.

#8 டேட்டாபேஸ்_தாத்தா

எல்லோரும் டனலையே சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். 1433-ஐத் திறந்து கொடுத்த பிறகு அதன் வழியாக என்ன செய்யலாம் என்று யாரும் கேட்கவில்லை.

அந்த லாகினுக்கு சிஸ்அட்மின் (முழு நிர்வாக உரிமை) இருந்தால் எக்ஸ்பி_சிஎம்டிஷெல்லை ஆன் செய்து விண்டோஸ் கட்டளையே ஓட்டலாம். லிங்க்டு சர்வர் இருந்தால் அங்கிருந்து அடுத்த டேட்டாபேஸுக்குத் தாவலாம். அந்தத் தாவல் உங்கள் லேனுக்குள்ளேயே நடப்பதால் இந்த ஃபயர்வால் பார்க்கவே பார்க்காது. ஆகவே தனி லாகின், இருப்பு விவரத்துக்கு ஒரு வியூ, அதன்மேல் செலக்ட் மட்டும். முடிந்தால் நிஜ சர்வர் வேண்டாம், ஒரு ரெப்ளிகாவைத் தனி சோனில் நிறுத்திக் காட்டுங்கள்.

நேம்டு இன்ஸ்டன்ஸ் (தனிப் பெயரோடு ஓடும் எஸ்கியூஎல்) என்றால் போர்ட் டைனமிக்காக மாறும், யுடிபி 1434-ல் கேட்டுத்தான் கிளையன்ட் அதைத் தெரிந்துகொள்ளும். "இன்றைக்கு வேலை செய்தது, நாளைக்குச் செய்யவில்லை" என்று போன் வரும், வெறுத்துப்போய் யாராவது எல்லா போர்ட்டையும் திறப்பார்கள். கான்ஃபிகரேஷன் மேனேஜரில் போர்ட்டை நிலையாக வைத்துவிட்டால் இந்த வம்பே இல்லை. அங்கேயே ஃபோர்ஸ் என்க்ரிப்ஷனையும் ஆன் செய்யுங்கள். ஐபிசெக் காவல் இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் மட்டும்தான், அதைத் தாண்டி அவர்கள் சுவிட்சில் டேட்டா அப்படியே ஓடும்.

என்னைக் கேட்டால் டேட்டாபேஸைக் காட்டவே மாட்டேன். இருப்பு விவரத்தை ஒரு சின்ன ஏபிஐ ஆக்கி, டிஎம்ஸட்-ல் (வெளியாருக்கான தனிப் பகுதியில்) ரிவர்ஸ் ப்ராக்ஸிக்குப் பின்னால் 443-ல், இரு பக்க சர்டிஃபிகேட்டோடு வைத்தால் டனலே தேவையில்லாமல் போகலாம்.

#9 கதவுச்சாவி

தாத்தா சொன்னதற்கு ஒரு சேர்க்கை, இரவு ஃபைல் பற்றி. எஸ்எம்பி ஷேர் (வான்னாக்ரை பரவிய அந்த 445 போர்ட்) வேண்டாம் என்பதை இனி விளக்க வேண்டியதில்லை. எஸ்எஃப்டிபி-க்கு (எஸ்எஸ்எச் வழியாக ஃபைல் அனுப்புவது) போகிறீர்கள், சரி. ஆனால் "22 ஒன்றுதானே திறந்திருக்கிறது" என்ற நிம்மதி வேண்டாம். எஸ்எஸ்எச் ஒரு போர்ட்டுக்குள் மற்ற எல்லா போர்ட்டையும் சுருட்டி எடுத்துப் போகும். அந்தக் கணக்கு களவு போனால், போர்ட் ஃபார்வர்டிங் வழியாக அந்த சர்வருக்கு எட்டும் இடமெல்லாம் திருடனுக்கும் எட்டும். ஓப்பன்எஸ்எஸ்எச் என்றால் அந்த யூசருக்கு இன்டர்னல்-எஸ்எஃப்டிபி-யை ஃபோர்ஸ் கமாண்டாக வைத்து, டிசிபி ஃபார்வர்டிங்கை "நோ" ஆக்கி, க்ரூட் ஃபோல்டருக்குள் அடைத்து, பாஸ்வேர்டை அணைத்து கீ மட்டும் விடச் சொல்லுங்கள். இது சர்வர் பக்கத்து வேலை, உங்கள் விஷயத்தில் கூட்டாளிதான் செய்ய வேண்டும்.

#10 நெட்_புதியவன்

நன்றி, நிறைய மாற்ற வேண்டியிருக்கிறது. ஏபிஐ அடுத்த கட்டத்தில்தான் முடியும், இப்போதைக்கு டனல்தான். இரண்டு கேள்வி. டொமைன் டிரஸ்ட் (அவர்கள் விண்டோஸ் டொமைன் லாகினை எங்கள் டொமைன் நம்புவது) போட்டால் அவர்கள் ஆட்கள் எங்கள் அப்ளிகேஷனில் லாகின் செய்ய வசதி என்கிறார்கள், செய்யலாமா? பிறகு, சோதனைக்குக் கட்டிய டனல் ஏறுகிறது, சரியாக ஒரு மணி நேரம் கழித்து விழுகிறது. பெரிய ஃபைலும் பாதியில் நிற்கிறது.

#11 லாக்_வாசகி

டிரஸ்ட் வேண்டாம். அதற்கு 88, 135, 389, 445, போதாக்குறைக்கு 49152 முதல் 65535 வரை ஆர்பிசி போர்ட்டுகளும் டொமைன் கன்ட்ரோலர்களுக்குத் திறக்க வேண்டும். இத்தனை நேரம் அடைத்த ஓட்டை எல்லாம் அதில் திரும்ப வந்துவிடும். லாகின் வேண்டுமென்றால் சாமல் அல்லது ஓஐடிசி ஃபெடரேஷன் (அவர்கள் லாகினை வெப் வழியாக ஏற்கும் முறை) போதும், 443 வழியாக பிரவுசரே பார்த்துக்கொள்ளும். டிஎன்எஸ்-க்கும் முழு ஸோனைக் கொடுக்காதீர்கள். நாலு பெயருக்கு நாலு பதிவு எழுதினால் தீர்ந்தது.

#12 பாக்கெட்பிரியன்

ஒரு மணி நேரம் என்றால் சைல்டு எஸ்ஏ-வின் 3,600 வினாடி. பிஎஃப்எஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லை. ஐகேஇ வி2-ல முதல் சைல்டு எஸ்ஏ, ஐகேஇ பேச்சுவார்த்தையோட கீயிலிருந்தே பிறக்குது, அதுக்குன்னு தனியா டிஎச் கிடையாது. அதனால ஒரு பக்கம் குரூப் 20, மறுபக்கம் ஒண்ணுமே இல்லைன்னாலும் டனல் ஜம்முனு ஏறும். முதல் ரீகீ (கீ மாற்றம்) வரும்போதுதான் குட்டு வெளிப்படும். இந்த நேரத்துல "பிஎஃப்எஸ்-ஐ எடுத்துட்டா சரியாயிடுது" என்று எடுக்கச் சொல்வாங்க, எடுக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஒரே குரூப் வைங்க.

ஃபைல் நிக்கிறதுக்குக் காரணம் எம்டியு (ஒரு பாக்கெட்டோட உச்ச அளவு). ஐபிசெக்கோட ஈஎஸ்பி தலைப்புகள் ஏறினதும் 1,500 பைட்டுக்குள்ள அடங்காது. டிசிபி எம்எஸ்எஸ்-ஐ (ஒரு பாக்கெட்டில் போற டேட்டாவோட உச்ச அளவு) 1,350-க்கு இறக்குங்க. கூடவே, ஐசிஎம்பி-யை மொத்தமா அடைக்கிற பழக்கம் இருந்தா, "துண்டாக்கணும்" என்கிற டைப் 3 கோட் 4-ஐ மட்டுமாவது விடுங்க.

#13 மூன்றாம்_அடுக்கு

பெட்டியையும் மறக்க வேண்டாம். ஏஎஸ்ஏ-வின் ஐகேஇ குறியீட்டிலேயே 2016-ல் சிவிஇ-2016-1287 (சிவிஇ என்பது ஓட்டைக்குக் கொடுக்கும் பதிவு எண்) வந்தது. லாகினே இல்லாமல், யுடிபி பாக்கெட் அனுப்பியே பெட்டியைக் கைப்பற்றும் ஓட்டை. ஃபோர்ட்டிகேட்டின் எஸ்எஸ்எல் விபிஎன்-ல் சிவிஇ-2018-13379 பாஸ்வேர்டுகளையே வெளியே கொட்டியது. ஆகவே யுடிபி 500, 4500, ஈஎஸ்பி மூன்றும் எதிர்முனையின் பொது முகவரியிலிருந்து மட்டும் வரட்டும். ஏஎஸ்ஏ-வில் சாதாரண ஏசிஎல் பெட்டிக்கே வரும் டிராஃபிக்கைத் தடுக்காது, கன்ட்ரோல்-பிளேன் என்று சேர்த்துப் பொருத்த வேண்டும். ரிமோட் ஆக்சஸ் ஆட்கள் அதே பெட்டிக்கு ஐபிசெக்கில் வந்தால் இந்த வழி அடைபடும், அப்போது கூட்டாளி டனலைத் தனிப் பெட்டியில் இறக்குவது நல்லது. எஸ்எஸ்எச், எச்டிடிபிஎஸ் நிர்வாகப் பக்கம் டனல் வழியாகத் திறக்கவே கூடாது.

#14 லாக்_வாசகி

கட்டி முடித்த பிறகு செய்ய வேண்டிய சோதனை: அவர்கள் சம்மதத்தோடு, அவர்களுடைய ஆர்டர் சர்வரிலிருந்தே உங்கள் /29 மேல் என்மேப் (போர்ட் ஸ்கேன் கருவி) ஓட்டச் சொல்லுங்கள், 65,535 டிசிபி போர்ட்டும். 1433 ஒன்றைத் தவிர எது தெரிந்தாலும் ரூலில் ஓட்டை. பிறகு அவர்கள் பக்கத்து வேறொரு மெஷினிலிருந்து ஓட்டினால் ஒன்றுமே தெரியக் கூடாது. அதே நேரம் உங்கள் டினை லாக்கைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஸ்கேன் ஓடியும் லாக்கில் ஒரு வரி விழாவிட்டால், கடைசி டினை ரூலில் லாக் ஆன் செய்யவில்லை என்று அர்த்தம்.

அவர்கள் மெஷின் ஒன்றிலிருந்து 445, 3389, 5985 (ஃபைல் ஷேர், ரிமோட் டெஸ்க்டாப், ரிமோட் நிர்வாகம்) என்று தட்டல் வந்தால் அது தற்செயல் இல்லை, உடனே மெயில் வர வேண்டும். இரண்டு பக்கமும் என்டிபி (கடிகாரத்தைச் சரிசெய்யும் சேவை) சரியாக இருக்கட்டும். நேரம் ஏழு நிமிடம் தள்ளியிருந்தால் அவர்கள் லாக்கையும் உங்கள் லாக்கையும் பக்கத்தில் வைத்துப் படிக்கவே முடியாது.

#15 பழைய_கேபிள்

சரி, சிஸ்ஆப்ட் விஷயம் எனக்கும் புதிது. ஷோ ரன் ஆல்-ல் ஆன் என்றுதான் இருக்கிறது. ஒன்று மட்டும் கேட்கிறேன்: அந்தப் பக்கம் ரான்சம்வேர் என்று ராத்திரி போன் வந்தால் முதலில் எதைப் பிடுங்குவது?

#16 பாக்கெட்பிரியன்

எஸ்ஏ-வை கிளியர் பண்றது வேலைக்கு ஆகாது, அடுத்த பாக்கெட் வந்ததும் அதுவே திரும்ப ஏறிடும். கிரிப்டோ மேப்பில் (டனல் விவரம் இருக்கிற கான்ஃபிக் பகுதி) அந்தக் கூட்டாளியோட வரிசையை நீக்கணும், அதுக்கப்புறம் எஸ்ஏ-வை கிளியர் பண்ணணும். இந்த ரெண்டு கட்டளையையும் இப்பவே எழுதி, ராத்திரி ஷிஃப்டில் இருக்கிறவர் யாரையும் கேட்காம அடிக்கலாம் என்று கையெழுத்து வாங்கி வைங்க. கான்ஃபிக்கை சேவ் பண்ண மறந்தா ரீபூட்டில் டனல் திரும்ப வந்துடும், அதையும் மூணாவது வரியா சேர்த்துக்குங்க.